தாளைத் திருப்பு, ஜாடியைக் கவிழ்

பழைய ஆங்கிலேய, பிரெஞ்சுக் கேலிச்சித்திர அச்சுகள் பற்றியும் பிரெஞ்சுக் கைவினைப் பாண்டங்கள் பற்றியும் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்ததும் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த இரண்டு பைத்தியமும் ஒரே ஆளுக்கு இருப்பது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், இல்லை போலிருக்கிறது. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி: "இது அசலா?" கூடவே ஒரு போட்டோ. படம் என்றால் முன்பக்கம் மட்டும், ஜாடி என்றால் உள்ளே பூ வைத்து. அடுத்த தடவை படத்தின் பின்பக்கத்தையும் ஜாடியின் அடியையும் எடுத்து அனுப்புங்கள். முன்பக்கம் அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: கில்ரே வரைந்த படம் ஒன்று வாங்கினேன். பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைப் புட்டிங் போல வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே 1805 பிப்ரவரி 26 என்று தேதி இருக்கிறது. அப்படியானால் இது 1805இல் அச்சானதுதானே?

அது தகட்டில் இருக்கும் தேதி. உங்கள் தாள் எப்போது அச்சானது என்பதை அது சொல்லாது.

ஆங்கிலேயக் கேலிச்சித்திரக்காரரான ஜேம்ஸ் கில்ரே செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துப் படம் போட்டவர். தகடு பத்திரமாக இருக்கும் வரை யார் வேண்டுமானாலும், எந்த வருஷமானாலும், மை தடவி அதில் அச்செடுக்கலாம், 1805 என்ற எழுத்தும் கூடவே வந்து விழும். அப்படித்தான் நடந்தது. கில்ரேயின் படங்களை விற்றவர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 27ஆம் எண்ணில் அவர் கடை, அதன் மாடியில்தான் கில்ரே குடியிருந்தார், வரைந்தார், கடைசியில் புத்தி பேதலித்து 1815இல் இறந்தும் போனார். பின்னாளில் தகடுகள் கை மாறின. 1851இல் ஹென்றி போன் என்ற பதிப்பாளர் அவற்றைக் கொண்டு மறுபடியும் அச்சடித்துப் பெரிய தொகுப்பாக விற்றார், தாளின் இரண்டு பக்கமும் படம் போட்டு.

என் முதல் கில்ரே இதில் ஒன்று. ஆறு மாதம் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கலாம் என்று ஃப்ரேமைப் பிரித்தால் பின்னால் இன்னொரு படம் எட்டிப் பார்க்கிறது! விற்றவர் "அந்தக் காலத்து அச்சு" என்றுதான் சொல்லியிருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது, 1851ம் அந்தக் காலம்தானே.

ஆகவே முதல் வேலை, தாளைத் திருப்புங்கள். பின்னால் இன்னொரு படம் இருந்தால் கதை முடிந்தது. ஒன்றும் இல்லை என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாட்மேன் போன்ற ஆலைகளின் தாளில் பெயரும் வருடமும் வாட்டர்மார்க்காகத் தெரியும், 1794க்குப் பிறகு ஏற்றுமதித் தாளுக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருடம் போட வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்ததால் பல ஆலைகள் வருடத்தைப் போடத் தொடங்கின, சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த வரி அதிகாரியும் செய்ததில்லை. படத்தில் 1805, வாட்டர்மார்க்கில் 1803 என்றால் சந்தோஷப்படலாம். வாட்டர்மார்க்கில் 1820 என்றால் கில்ரே போய்ச் சேர்ந்த பிறகு அச்சான தாள் அது.

அடுத்தது லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். கோடுகள் புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது இயந்திரத்தில் எடுத்த நகல், அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செப்புத் தகட்டு அச்சில் கோடு முழுசாக இருக்கும், மை தாளின் மேல் லேசாகப் புடைத்திருக்கும், தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் நாலு பக்கமும் தெரியும். அந்தப் பள்ளத்துக்கு உள்ளேயே யாராவது ஓரத்தைக் கத்தரித்திருந்தால் விலையையும் கூடவே கத்தரித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தக் காலத்தில் கையாலேயே நீர்வண்ணம் பூசி விற்றார்கள், கறுப்பு வெள்ளை மலிவு, வண்ணம் பூசியது அதிகம். ஹென்றி போனின் 1851 தொகுப்பு கறுப்பு வெள்ளைதான், ஆனால் அதிலிருந்து உருவிய தாள்களுக்கு இப்போது வண்ணம் பூசி விற்கிறவர்கள் உண்டு. பழைய செம்புப் பச்சை காலப்போக்கில் தாளையே அரித்து, அந்த இடத்தைப் பின்பக்கம் பழுப்பாகக் காட்டும். போன வருஷம் பூசிய பச்சை அப்படிக் காட்டாது. மறுபடியும் அதே வேண்டுகோள்தான்: திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: ஹோகார்த் கில்ரேவை விடப் பெரிய ஆள் என்கிறார்கள். ஆனால் அவர் படங்கள் எங்கே பார்த்தாலும் கிடைக்கின்றன, பெரும்பாலும் சல்லிசாக. ஏன்?

காரணம் ரொம்ப எளிது, அவர் தகடுகள் நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தன.

கில்ரேவுக்கு முந்திய தலைமுறை ஆங்கிலேய ஓவியரான வில்லியம் ஹோகார்த், திருட்டு அச்சுக்காரர்களால் நொந்துபோனவர். ஒரு வேசியின் வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய ஆறு பட வரிசை 1732இல் வந்த கையோடு நகல்கள் வந்துவிட்டன. அடுத்த வரிசையான ஊதாரி மைனரின் கதைக்கு அவர் சும்மா இருக்கவில்லை, நாடாளுமன்றத்தில் மனுப் போட்டு, படம் செதுக்குகிறவருக்குப் பதினான்கு வருஷம் உரிமை தரும் சட்டத்தையே கொண்டுவரச் செய்தார். அது 1735 ஜூன் 25இல் நடைமுறைக்கு வந்தது, அதுவரை படங்களை வெளியே விடாமல் நிறுத்தி வைத்தார். அப்படியும் திருடர்கள் விடவில்லை. வீட்டுக்கு ஓவியம் பார்க்க வருகிற மாதிரி ஆளை அனுப்பி, மனப்பாடமாக வரையச் சொல்லி, முந்திக்கொண்டு விற்றார்கள். அந்த மனப்பாட நகல் ஒன்று எப்போதாவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், எனக்கு அது அசலைவிடச் சுவாரசியம்.

ஹோகார்த் 1764இல் இறந்ததும் மனைவி ஜேன் தகடுகளை வைத்துக்கொண்டு அச்சடித்து விற்றார், அவருக்கென்றே இருபது வருஷம் தனி உரிமை 1767இல் கிடைத்தது. பிறகு அவை ஜான் பாய்டெல் என்ற பெரிய பதிப்பாளர் கைக்குப் போயின. 1822இல் ஜேம்ஸ் ஹீத் தேய்ந்த கோடுகளைத் திரும்பச் செதுக்கி இன்னொரு பதிப்பு வந்தது. இது போக, வேறு ஆட்கள் புதிதாகச் செதுக்கிய சின்ன அளவு நகல்கள் எத்தனையோ. சந்தையில் "ஹோகார்த்" என்று நீங்கள் பார்க்கிறதில் பெரும்பகுதி இந்தக் கடைசி இரண்டு வகைதான்.

இதனால் அவை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹீத் பதிப்பு பெரிய தாளில் கம்பீரமாக இருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஆரம்பகால அச்சின் பக்கத்தில் வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி தெரியும், நிழல்களில் இருக்க வேண்டிய ஆழம் இருக்காது. எது என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினால் ஒரு குறையும் இல்லை. ஜின் சாராயத்தின் கேட்டைக் காட்டி 1751இல் ஹோகார்த் போட்ட 'ஜின் சந்து' படத்தையே ஏழைகள் கைக்கும் போகட்டும் என்று ஒரு ஷில்லிங்குக்குத்தான் விற்றார்.

கேள்வி: உண்மையைச் சொல்கிறேன், இந்தப் படங்களில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. யார் யாரைக் கேலி செய்கிறார்கள்? புரியாத நகைச்சுவையைச் சேர்த்து என்ன பிரயோஜனம்?

உங்கள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முந்திய அரசியல் கிண்டல் யாருக்குத்தான் உடனே புரியும்? ஆனால் புரிந்துகொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசி.

பிரிட்டிஷ் மியூசியம் இதற்கென்றே பதினொரு பாகப் பட்டியல் போட்டிருக்கிறது, 1870இல் தொடங்கி 1954 வரை. பிந்தைய ஏழு பாகங்களும் டோரதி ஜார்ஜ் என்ற ஒரே பெண்மணியின் உழைப்பு. பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு எண் கொடுத்து, படத்தில் யார் யார், கையில் என்ன, வாயிலிருந்து வரும் பலூனில் என்ன வசனம், எந்த வாரத்துச் செய்தி என்று விளக்கியிருக்கிறார்கள். விற்கிறவர்கள் "பி.எம். சடையர்ஸ்" என்று ஓர் எண் போடுவார்களே, அது இந்த எண்தான். மியூசியத்தின் இணையப் பக்கத்தில் அதைத் தேடினால் அவர்களிடம் இருக்கும் பிரதியையே பார்க்கலாம், உங்களுடையதோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடலாம்.

முதல் கேள்வியில் வந்த புட்டிங் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான பிட், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடலை வெட்டிக்கொள்கிறார், அவருடைய முள்கரண்டி கடல்தேவனின் திரிசூலம். குள்ள நெப்போலியன் எட்டி நின்று வாளால் ஐரோப்பாவை வெட்டுகிறார். கடல் ஒருவருக்கு, நிலம் ஒருவருக்கு. நெப்போலியன் அப்படியொன்றும் குள்ளம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரை நம் மனசில் குள்ளமாக்கியதில் கில்ரேவுக்குத்தான் பெரிய பங்கு.

பிரான்ஸில் இதைவிட எளிமையாகச் செய்தார்கள். சார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகையாளரை 1831இல் அரசரை அவமதித்ததாகக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவர் என்ன செய்தார், நீதிபதிகள் முன்னால் லூயி ஃபிலிப் மன்னரின் முகத்தை நாலு படமாக வரைந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நாலாவதில் வெறும் பேரிக்காயாக்கிக் காட்டினார். இதில் எதற்கு என்னைத் தண்டிப்பீர்கள், பேரிக்காயை வரைந்ததற்கா என்பது வாதம். தண்டனை கிடைத்தது என்னவோ உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மன்னர் ஆட்சி செய்த காலமெல்லாம் பேரிக்காய்தான். பிரெஞ்சுப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு மண்டு என்றும் பொருள் உண்டு. சுவரில் பேரிக்காய் கிறுக்கியிருக்கும் ஒரு படம் அந்தக் காலத்து அச்சில் வந்தால், இனிமேல் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

கேள்வி: தோமியே படம் ஒன்று கிடைத்தது. தாள் மெலிசாக இருக்கிறது, பின்பக்கத்து எழுத்துகள் முன்னால் தெரிகின்றன. குறையுள்ள பிரதியா?

குறை இல்லை, அது பத்திரிகைப் பிரதி. பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் ஓனொரே தோமியே கிட்டத்தட்ட நாலாயிரம் கல்லச்சுப் படங்கள் (தகட்டில் அரிக்காமல், கல்லின் மேல் வரைந்து அச்செடுப்பது) போட்டார், அதில் பெரும்பகுதி 1832இல் தொடங்கிய 'லெ ஷாரிவாரி' நாளிதழுக்கு. காலையில் அச்சாகி, சாயங்காலம் தூக்கிப் போடப்படும் தாள். பின்னால் பிரெஞ்சில் செய்தி ஓடும். அதே கல்லிலிருந்து நல்ல தாளில், பின்னால் எழுத்தில்லாமல் எடுத்த பிரதிகளும் உண்டு, "சுர் ப்ளான்", அதாவது வெள்ளைத் தாளில் எடுத்தது என்பார்கள், விலை கூடுதல். கல்லச்சு என்பதால் இதில் தகட்டுப் பள்ளத்தைத் தேடாதீர்கள், இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் லோயிஸ் டெல்தெய் பட்டியலில் எண் இருக்கிறது, அதைப் பார்த்து எந்த நாளில் வந்தது என்றே கண்டுபிடித்துவிடலாம்.

என் கட்சி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பத்திரிகைப் பிரதியே மேல். அரசரைப் பணம் விழுங்கும் பூதமாக வரைந்ததற்கு ஆறு மாதத் தண்டனை வாங்கிய மனுஷனுடைய படத்தை, அவர் வாசகர்கள் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ அதே ரூபத்தில் வைத்துக்கொள்வதில் ஒரு திருப்தி. பின்பக்கத்து எழுத்து தெரிந்தால் தெரியட்டுமே.

கேள்வி: பாட்டி விட்டுப்போன ஜாடியின் அடியில் 'வல்லோரிஸ்' என்று இருக்கிறது. பிக்காசோ அங்கேதான் பானை செய்தார் என்று படித்தேன். எங்கள் ஜாடி...?

அந்த மூன்று புள்ளிகளில் உங்கள் ஆசை முழுக்கத் தெரிகிறது. பிக்காசோ இல்லை.

வல்லோரிஸ் என்பது ஊர்ப் பெயர், பிரான்ஸின் தெற்குக் கடற்கரை ஓரம். காலங்காலமாகச் சமையல் பாண்டம் செய்த ஊர். 1946இல் பிக்காசோ அங்கே ஒரு கண்காட்சிக்குப் போனவர், ஜார்ஜ், சூசான் ராமியே தம்பதியின் மதுரா பட்டறையில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார், மறு வருஷத்திலிருந்து அங்கேயே பழியாகக் கிடந்தார். அவர் பின்னாளில் மணந்துகொண்ட ஜாக்லினைச் சந்தித்ததும் அதே பட்டறையில்தான். அவர் புகழால் ஊருக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததும் ஏராளமான பட்டறைகள் சிப்பி மாதிரி, மீன் மாதிரி, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் நினைவுப் பொருள் செய்து ஊர் பெயரைக் குத்தி விற்றன. உங்கள் பாட்டி வாங்கியது அதில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பிக்காசோ பதிப்புப் பாண்டங்கள் 1947 முதல் 1971 வரை 633 வகை வந்தன, ஒவ்வொன்றும் இருபத்தைந்திலிருந்து ஐந்நூறு வரை எண்ணிக்கையில். அடியில் மதுரா முத்திரையும், அதோடு பிக்காசோ பதிப்பு என்றோ பிக்காசோவின் அசல் அச்சு என்றோ பிரெஞ்சில் குத்தியோ எழுதியோ இருக்கும். முதல் வகை, அவர் செய்த மாதிரியைப் பார்த்துப் பட்டறைக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகச் செய்தது. இரண்டாவது, அவர் செதுக்கிய அச்சில் மண்ணை அழுத்தி எடுத்தது. வெறுமனே ஊர் பெயர் மட்டும் இருந்தால் ஊர் மட்டும்தான்.

ஆனாலும் ஜாடியை இன்னொரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். ஊர் பெயரோடு கப்ரோன், பிகோ, தெர்வால், போர்த்தானியே என்று ஏதாவது தெரிந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். ரோஜே கப்ரோன், ரொபேர் பிகோ இருவரும் பிக்காசோவை எதிர்பார்க்காமல் சொந்தமாகப் பட்டறை வைத்தவர்கள், ழான் தெர்வாலும் அவர்களோடு வேலை பார்த்தார். பிகோவின் வெள்ளைத் தட்டில் பச்சையும் பழுப்புமாக ஓடும் கோடுகளைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கை பரபரக்கும்.

கேள்வி: பெயரே இல்லாத பழுப்பு ஜாடி ஒன்று, கல் மாதிரி கனம். விற்றவர் "லா போர்ன்" என்றார். எதை வைத்து நம்புவது?

அவர் வாயை வைத்து நம்ப வேண்டாம், மண்ணை வைத்துப் பார்ப்போம்.

லா போர்ன் பிரான்ஸின் நடுவில், பெரி பகுதியில் ஒரு சின்னக் கிராமம். அங்கே கிடைக்கும் களிமண் 1250, 1300 டிகிரி வரை தாங்கி, கல்லைப் போல இறுகிவிடும், அதுதான் ஸ்டோன்வேர், பிரெஞ்சில் க்ரே. ஊர்க்காரர்கள் எண்ணெய்ச் சாடி, ஊறுகாய்ச் சாடி என்று வீட்டுச் சாமான் செய்துகொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தல்போ குடும்பத்தார் மனித உருவச் சாடிகளும் செய்தார்கள். 1940களில் பால் பேயே, ழான் லெரா, பல்கேரியாவிலிருந்து வந்த வாசில் இவானோஃப் என்று கலைஞர்கள் அங்கே போய்க் குடியேறினார்கள், பழைய விறகுச் சூளையின் நெருப்பைக் கொண்டு புதுசாக ஏதேதோ செய்தார்கள். இவானோஃபின் பாண்டங்கள் எனக்கு மலையிலிருந்து பெயர்த்து எடுத்த மாதிரி இருக்கும்.

விறகுச் சூளையில் வெந்த பாண்டத்தில் ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இருக்காது. சாம்பல் பறந்து போய்த் தோளில் உட்கார்ந்து, உருகி, அங்கே மட்டும் கண்ணாடி போல ஓடியிருக்கும். நெருப்பு பட்ட பக்கம் சிவந்திருக்கும், மறைவாக இருந்த பக்கம் வெளுத்திருக்கும். இனி கவிழ்த்து அடியைப் பாருங்கள். பூச்சு இல்லாத இடத்தில் மண் தெரியும், நிறம், மணல், விரல் ஓட்டம் எல்லாம் அங்கேதான். சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்து எடுத்த சுழல் கோடு இருக்கிறதா? அச்சில் வார்த்தது என்றால் அது இருக்காது, பக்கவாட்டில் ஒட்டுத் தையல் மாதிரி ஒரு கோடு வேண்டுமானால் தெரியலாம். விரல் முட்டியால் தட்டுங்கள். முழுசான ஸ்டோன்வேர் கணீரென்று சொல்லும். டொக்கென்றால் எங்கோ கீறல், அது பூச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

இவ்வளவும் பொருந்தினாலும் அது லா போர்ன் என்று ஆகிவிடாது. பிரான்ஸில் ஸ்டோன்வேருக்குப் பேர் போன இன்னொரு இடம் புயிஸே. ழான் காரியெஸ் என்ற சிற்பி 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜப்பானியப் பாண்டங்களைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, 1888இல் அங்கே சென்தமோன் என்ற ஊருக்குப் போய்ச் சூளை போட்டார். தங்கத் துளி தெறித்த பூச்சு, சுரைக்காய் போல நெளிந்த உடல், அத்தனையும் ஆறு வருஷத்தில், முப்பத்தொன்பது வயதில் 1894இல் இறந்துவிட்டார். பாரிஸ் பெத்தி பாலே மியூசியத்தில் அவர் வேலைகள் நிறைய இருக்கின்றன. அவரைப் பின்பற்றி அந்த வட்டாரத்தில் செய்தவர்கள் ஏராளம், எல்லாம் பழுப்பு, எல்லாம் கனம். அதனால் பெயரில்லாத ஜாடிக்கு ஊர் பெயர் சொல்லி விலை ஏற்றினால், பெயரில்லாத ஜாடி விலைக்கே கேளுங்கள். கொடுத்தால் வாங்குங்கள், ஏனென்றால் நீங்கள் எழுதியிருக்கிறதைப் பார்த்தால் நல்ல ஜாடி மாதிரிதான் இருக்கிறது.

கேள்வி: அக்கோலே ஜாடிகள் சேர்க்கிறேன். நண்பர் ஒருவர் "பெட்ரோல் பங்க் பானை" என்று கிண்டல் செய்கிறார். நிஜமா?

நிஜம்தான், கோபப்படாதீர்கள். பர்கண்டியில் இருக்கும் அக்கோலே கிராமத்தில் 1945இல் சில இளைஞர்கள் சேர்ந்து பட்டறை போட்டார்கள். பாரிஸிலிருந்து தெற்கே விடுமுறைக்குக் காரில் போகிறவர்கள் எல்லாம் ஆறாம் எண் நெடுஞ்சாலையில் போவார்கள், இவர்கள் அந்தச் சாலையோரத்திலும் பெட்ரோல் பங்குகளிலும் ஜாடிகளை அடுக்கி விற்றார்கள். பெரிய வியாபார மூளை! அதனால் கலை மட்டமாகிவிடுமா என்ன? லண்டனில் கேலிச்சித்திரங்களைக் கடை ஜன்னலில் ஒட்டி வைத்து, தெருவில் போகிறவன் நின்று சிரித்து உள்ளே வந்து வாங்குவான் என்று காத்திருந்தார்கள். பிக்காடிலியில் ஃபோர்ஸ் என்ற கடைக்காரர் படத் தொகுப்புகளை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கே விட்டார். போகிற போக்கில் வாங்குகிறவனுக்காகச் செய்தவை இரண்டும், நான் இரண்டையும் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நண்பரிடம் கேளுங்கள், அவர் கார் பெட்ரோல் போடும் இடத்தில் என்ன கிடைக்கிறது என்று.

கேள்வி: படங்களை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன், வெளிச்சம் நன்றாக விழுகிறது. சரிதானே?

இன்றைக்கே கழற்றுங்கள். கையால் பூசிய நீர்வண்ணம் வெயிலில் ஒரு தடவை போனால் திரும்ப வராது. மியூசியங்களில் தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் என்ற அளவில் மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். வெயில் படாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு அமிலமில்லாத அட்டை. பழைய ஃப்ரேமில் வந்த படம் என்றால் பின்னால் மரப்பலகை வைத்திருப்பார்கள், அதன் வரிகள் தாளில் பழுப்பாக இறங்கிக்கொண்டே இருக்கும், முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். படத்தை அட்டையில் முழுசாக ஒட்டவே கூடாது, மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாளையும் கோதுமைப் பசையையும் வைத்துத் தொங்கவிட்டால் போதும். செம்புள்ளிகள் வந்திருந்தால் ஈரக் காற்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டில் பிளீச் போட்டு வெளுக்கப் பார்க்காதீர்கள், புள்ளியோடு படமும் போகும்.

கேள்வி: பழைய பிரெஞ்சுக் கிண்ணத்தில் சாலட் வைக்கலாமா?

பழைய வல்லோரிஸ் சமையல் பாண்டம் என்றால் வேண்டாம். தேன் நிறத்தில் பளபளக்கும் அந்தப் பூச்சில் ஈயம் இருக்கும், எலுமிச்சை, வினிகர் பட்டால் உணவில் இறங்கும். உயர் சூட்டில் வெந்த ஸ்டோன்வேர் பெரும்பாலும் தேவலை, ஆனால் அலங்காரப் பூச்சில் எந்த உலோகம் கலந்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. உலர்ந்த பழம் வையுங்கள், அழகாகவும் இருக்கும்.

கேள்வி: படத்தின் ஓரம் ஓர் அங்குலம் கிழிந்திருக்கிறது. பின்பக்கம் செலோடேப் ஒட்டினால் வெளியே தெரியாது அல்லவா?

பத்து வருஷத்தில் நன்றாகத் தெரியும், மஞ்சளாக, முன்பக்கத்திலேயே. டேப்பைக் கீழே வையுங்கள்.